புல்பப் போர் ரைபிள்: சாதகங்களும் பாதகங்களும்

புல்பப் என்பது, துப்பாக்கியின் இயங்கு பகுதியும் தோட்டாக்கள் அடங்கிய மேகசினும் விசைக்குப் பின்னால், தோளில் பொருந்தும் அடிக்கட்டைக்குள் அமைந்திருக்கும் வடிவமைப்பு ஆகும். வழக்கமான ரைபிளில் இவ்விரண்டும் விசைக்கு முன்னால் இருக்கும். இந்த இடமாற்றத்தால் குழலின் நீளத்தைக் குறைக்காமலேயே துப்பாக்கியின் மொத்த நீளத்தைக் குறைக்க முடிகிறது. அந்த ஆதாயத்துக்கு ஈடாக விசையின் மென்மை, மேகசின் மாற்றும் எளிமை, இடக்கையால் சுடும் வசதி போன்றவற்றில் சில இழப்புகளை ஏற்க வேண்டியுள்ளது.

இந்திய இராணுவம் கடந்த இருபது ஆண்டுகளில் தன் ரைபிள்களை மாற்றிவரும் முறையில் இந்தக் கொடுக்கல் வாங்கலைத் தெளிவாகக் காணலாம். சிறப்புப் படைகளுக்குப் புல்பப் வந்தது. பொதுக் காலாட்படைக்கு வரவில்லை. அதற்கான காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

தோற்றம்

புல்பப் அமைப்பு புதிய கண்டுபிடிப்பு அன்று. 1901ஆம் ஆண்டில் பிரிட்டனில் தோர்னிகிராப்ட் என்பவர் காப்புரிமை பெற்ற கார்பைன் இவ்வகையின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. அது அக்காலத்து லீ-என்பீல்டு ரைபிளைவிடக் குட்டையாகவும் எடை குறைவாகவும் இருந்தது. ஆனால் சோதனையில் பின்னுதைப்பு மிகுதி என்றும் கையாள வசதியில்லை என்றும் நிராகரிக்கப்பட்டது. நூற்றாண்டு கடந்தும் புல்பப் மீது வைக்கப்படும் குறைகளில் இவ்விரண்டும் இடம்பெறுவது கவனிக்கத்தக்கது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டன் உருவாக்கிய இஎம்-2 ரைபிள் இந்த வரலாற்றின் முதல் பெரிய திருப்பம். 889 மி.மீ. நீளமுள்ள அந்தப் புல்பப், மிதமான ஆற்றல் கொண்ட .280 தோட்டாவுக்காக வடிவமைக்கப்பட்டது. 1951இல் அட்லி அரசு அதை ஏற்பதாக அறிவித்தது. ஆனால் அமெரிக்கா முழு ஆற்றல் கொண்ட தோட்டாவையே வலியுறுத்தியது. அதே ஆண்டில் மீண்டும் பிரதமரான சர்ச்சில், நேட்டோ நாடுகளிடையே பொதுத் தோட்டா இருக்க வேண்டும் என்ற நோக்கில் அம்முடிவைக் கைவிட்டார். 7.62×51 மி.மீ. தோட்டா நேட்டோவின் பொதுத் தோட்டாவானது. பிரிட்டன் வழக்கமான அமைப்புள்ள எஸ்.எல்.ஆர். ரைபிளுக்குச் சென்றது. இந்தியாவும் 1960களில் மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் அதே குடும்பத்தைச் சேர்ந்த 1ஏ1 ரைபிளைத் தயாரிக்கத் தொடங்கியது.

1970களில் சிறிய 5.56 மி.மீ. தோட்டா பரவிய பிறகே புல்பப் பெருமளவில் படைகளுக்குள் நுழைந்தது. ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஆக், பிரான்சின் பாமாஸ், பிரிட்டனின் எஸ்.ஏ.80 ஆகியவை அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை.

நீளம் எங்கே மிச்சமாகிறது?

வழக்கமான ரைபிளின் அடிக்கட்டைக்குத் தோளையும் விசையையும் இணைப்பதே முதன்மையான வேலை. பல ரைபிள்களில் அதன் உட்பகுதி பெரும்பாலும் பயன்படாமலேயே இருக்கும். புல்பப் அந்த இடத்தில் போல்டு, தோட்டா அறை, மேகசின் ஆகியவற்றை வைக்கிறது. குழலும் அங்கிருந்தே தொடங்குகிறது.

இந்தியப் படைகள் பயன்படுத்திய இரண்டு 5.56 மி.மீ. ரைபிள்களை ஒப்பிட்டால் வேறுபாடு எளிதில் விளங்கும்.

இன்சாஸ் ரைபிள்: குழல் 464 மி.மீ., மொத்த நீளம் 960 மி.மீ.
டாவோர் டார்-21 புல்பப்: குழல் 460 மி.மீ., மொத்த நீளம் 720 மி.மீ.

இரண்டின் குழல்களும் ஏறக்குறைய ஒரே நீளம். மொத்த நீளத்தில் மட்டும் 24 செ.மீ. வேறுபாடு, அதாவது ஒரு சாணுக்குச் சற்றே கூடுதல். இன்சாஸ் ரைபிளின் மொத்த நீளத்தில் குழல் பாதியைக்கூட எட்டவில்லை. டார்-21இல் அது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு.

போர் ரைபிளுக்கு இது ஏன் முக்கியம்?

படைத்துறை வழக்கில் ‘தாக்குதல் ரைபிள்’ என்பது 5.56×45, 7.62×39 போன்ற இடைநிலை ஆற்றல் கொண்ட தோட்டாக்களைச் சுடுவது. ‘போர் ரைபிள்’ என்பது 7.62×51 போன்ற முழு ஆற்றல் தோட்டாவைச் சுடுவது. குழல்வாயில் 5.56 தோட்டாவின் ஆற்றல் சுமார் 1,700 ஜூல், 7.62×39இன் ஆற்றல் சுமார் 2,000 ஜூல், 7.62×51இன் ஆற்றல் 3,300 ஜூல் அளவில் இருக்கும். பெயரில் உள்ள 7.62 என்ற எண் ஒன்றாக இருப்பதால் பின்னிரண்டையும் ஒரே தோட்டா என்று எண்ணிவிடக் கூடாது. குண்டின் விட்டம் ஏறத்தாழ ஒன்றுதான். தோட்டா உறையின் நீளமும் அதில் அடங்கும் வெடிமருந்தின் அளவும் வேறு.

முழு ஆற்றல் தோட்டாவின் மருந்து எரிந்து குண்டுக்கு வேகம் கொடுக்கப் போதிய நீளமுள்ள குழல் வேண்டும். குழலைக் குறைத்தால் குண்டின் வேகம் குறையும். எரியாத மருந்து குழல்வாயில் பெரும் தீப்பிழம்பாகவும் ஓசையாகவும் வெளிப்படும். குழலை நீட்டினால் துப்பாக்கி நீண்டுவிடும். 554 மி.மீ. குழல் கொண்ட எஸ்.எல்.ஆர். ரைபிளின் மொத்த நீளம் 1,143 மி.மீ. அதைத் தூக்கிக்கொண்டு கவச வண்டிக்குள் ஏறி இறங்குவது எளிதான வேலை அன்று.

குழலைக் குறைக்காமல் துப்பாக்கியைக் குறைக்கும் புல்பப், இந்தச் சிக்கலுக்கு நேரடியான விடையாகத் தோன்றுகிறது. கோட்பாட்டளவில் சிறிய தோட்டாவைவிடப் பெரிய தோட்டாவுக்கே புல்பப் கூடுதலாகப் பயன்பட வேண்டும். ஆனால் அதன் குறைகளும் பெரிய தோட்டாவில்தான் பெரிதாகின்றன.

சாதகங்கள்

குறுகிய இடத்தில் இயக்கம். வீட்டின் வாசல், படிக்கட்டு, ஹெலிகாப்டர், கவச வண்டி, கப்பலின் இடைவழி ஆகிய இடங்களில் ஒரு சாண் நீளக் குறைவு பெரிய வசதி. துப்பாக்கியைத் திருப்பும்போது குழல்வாய் சுவரிலோ கதவிலோ இடிக்காது.

குண்டின் வேகம் குறையாமை. அடிக்கட்டையை மடித்தும் குழலை வெட்டியும் குட்டையாக்கப்படும் கார்பைன்கள் குண்டின் வேகத்தை இழக்கின்றன. புல்பப் அதை இழப்பதில்லை. மடித்த கட்டையை விரித்த பிறகே குறிபார்க்க வேண்டும் என்ற நிலையும் இதில் இல்லை.

எடைச் சமநிலை. எடையின் பெரும்பகுதி உடலை ஒட்டி இருப்பதால் துப்பாக்கியை நெடுநேரம் ஏந்தி நிற்கும்போது முன்கை விரைவில் சோர்வதில்லை. மறு கையால் கதவைத் திறக்கவோ வானொலிக் கருவியைப் பிடிக்கவோ நேரும்போது ஒரே கையால் துப்பாக்கியைத் தாங்குவதும் எளிது.

பாதகங்கள்

விசையின் கனம். வழக்கமான ரைபிளில் விசையும் சுத்தியலும் அருகருகே இருக்கும். புல்பப்பில் விசை முன்னாலும் சுத்தியல் பின்னாலும் இருப்பதால் இரண்டையும் நீண்ட கம்பியோ தண்டோ இணைக்கிறது. அதன் உராய்வும் நெளிவும் விரலுக்குத் தெரியும். விசை கனமாகவும், எப்போது விடுபடும் என்று கணிக்க முடியாததாகவும் இருந்தால் குறி தவறும். நெடுந்தொலைவு சுடுவதற்கான போர் ரைபிளில் இது சிறிய குறை அன்று. புதிய வடிவமைப்புகள் இதைப் பெருமளவு சரிசெய்துள்ளன.

மேகசின் மாற்றம். மேகசின் அக்குளுக்கு அருகில் இருப்பதால் அதை மாற்றக் கையை உடலை ஒட்டிப் பின்னால் கொண்டுவர வேண்டும். குண்டு துளைக்காத அங்கியும் தோட்டாப் பைகளும் அணிந்து தரையில் குப்புறப் படுத்திருக்கும் வீரருக்கு இது இன்னும் கடினம். போர் ரைபிளின் மேகசின் பெரும்பாலும் 20 தோட்டாக்களையே கொள்ளும். 30 தோட்டாக்கள் கொண்ட 5.56 ரைபிளைவிட இதில் மேகசினை அடிக்கடி மாற்ற நேரும்.

இடக்கைப் பழக்கம். சுட்ட தோட்டாவின் உறை பெரும்பாலான ரைபிள்களில் வலப்பக்கமாகத் தெறிக்கும். புல்பப்பில் அந்தத் திறப்பு கன்னத்துக்கு அருகில் இருக்கிறது. இடத்தோளில் வைத்துச் சுட்டால் சூடான உறை முகத்தில் அடிக்கும். பிரிட்டனின் எஸ்.ஏ.80 ரைபிளை வலத்தோளில் வைத்து மட்டுமே சுட முடியும். இது இடக்கைப் பழக்கம் உள்ளவரின் சிக்கல் மட்டும் என்று எண்ணக் கூடாது. சுவரின் இடப்புற மூலையில் மறைந்து சுட வேண்டிய வலக்கை வீரரும் துப்பாக்கியை இடத்தோளுக்கு மாற்ற முடியாமல் தன் உடலை வெளியே காட்ட நேர்கிறது. நகர்ப்புறச் சண்டைக்கு ஏற்றது எனப்படும் துப்பாக்கிக்கு அந்த நகர்ப்புறத்திலேயே உள்ள குறை இது.

முகத்துக்கு அருகில் தோட்டா அறை. சுடும்போது வெளியேறும் வாயுவும் இயங்கு பகுதியின் ஓசையும் கண்ணுக்கும் காதுக்கும் மிக அருகில் எழுகின்றன. குழல்வாயும் வழக்கமான ரைபிளைவிட ஒரு சாண் தொலைவு முகத்தை நெருங்கிவிடுகிறது. பழுதான தோட்டாவால் அறை வெடித்தால் ஆபத்தும் அதிகம். இதனால்தான் சிங்கப்பூரின் சார்-21 ரைபிளில் கன்னம் படியும் இடத்தில் கெவ்லார் தகடு பொருத்தப்பட்டுள்ளது.

முன்புற எடைக் குறைவு. நீளமான ரைபிளின் முன்பக்க எடை, சுடும்போது குழல்வாய் மேலெழுவதைத் தடுக்க உதவும். புல்பப்பின் முன்பக்கம் இலேசானது. 5.56 தோட்டாவில் பெரிதாகத் தெரியாத இந்த வேறுபாடு 7.62×51 தோட்டாவில் தெளிவாகத் தெரியும். அடுத்தடுத்து விரைவாகச் சுடும்போது குறியை மீட்க நேரம் பிடிக்கும்.

கட்டையை நீட்ட முடியாமை. இயங்கு பகுதி கட்டைக்குள் இருப்பதால் அதன் நீளத்தை வீரரின் உயரத்துக்கோ அணிந்திருக்கும் அங்கியின் தடிமனுக்கோ ஏற்ப மாற்றுவது கடினம். வழக்கமான நவீன ரைபிள்களில் கட்டையை இழுத்தும் தள்ளியும் அமைத்துக்கொள்ளலாம்.

குறைகளைத் தீர்க்கும் முயற்சிகள்

7.62×51 தோட்டாவைச் சுடும் புல்பப் ரைபிள்கள் மிகச் சிலவே. அமெரிக்காவின் கெல்-டெக் ஆர்.எப்.பி. அவற்றுள் ஒன்று. இது சுட்ட உறையைப் பக்கவாட்டில் வீசாமல் குழலுக்கு மேலுள்ள வழியாக முன்னோக்கித் தள்ளி வெளியேற்றுகிறது. எந்தத் தோளில் வைத்துச் சுட்டாலும் உறை முகத்துக்கு வராது. பெல்ஜியத்தின் எப்2000 என்ற 5.56 மி.மீ. புல்பப்பும் இதே கருத்தைப் பின்பற்றுகிறது. இந்தியப் பிரதமருக்குப் பாதுகாப்பு அளிக்கும் சிறப்புப் பாதுகாப்புக் குழுவினரின் கைகளில் இந்த ரைபிளைக் காணலாம். ஆனால் உறை பயணிக்கும் வழி நீளும்போது அமைப்பு சிக்கலாகிறது. சிக்கிக்கொண்ட தோட்டாவை எடுப்பதும் கடினமாகிறது.

இஸ்ரேலின் ஐ.டபிள்யூ.ஐ. நிறுவனம் 2017இல் அறிமுகப்படுத்திய டாவோர்-7 வேறு வழியைக் கையாள்கிறது. உறை வெளியேறும் பக்கத்தைப் பயன்படுத்துபவரே இடமாகவோ வலமாகவோ மாற்றிக்கொள்ளலாம். 17 அங்குலக் குழல் இருந்தும் இதன் நீளம் சுமார் 73 செ.மீ. மட்டுமே. இடக்கை வீரரின் சிக்கல் இதனால் தீர்கிறது. சண்டையின் நடுவே தோளை மாற்றிச் சுட வேண்டியவரின் சிக்கல் தீரவில்லை.

இந்திய அனுபவம்

இந்திய இராணுவம் 1990களின் இறுதியில் 7.62×51 எஸ்.எல்.ஆர். ரைபிளிலிருந்து 5.56 மி.மீ. இன்சாஸ் ரைபிளுக்கு மாறியது. இன்சாஸ் தயாரித்த இடங்களுள் தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலையும் ஒன்று. 1966இல் தொடங்கப்பட்ட இந்தத் தொழிற்சாலை, 2021 அக்டோபர் முதல் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்டு எக்விப்மென்ட் இந்தியா என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. 7.62×39 தோட்டாவைச் சுடும் ‘திருச்சி தாக்குதல் ரைபிள்’ இங்கு உருவானதே. இன்சாஸும் திருச்சி ரைபிளும் வழக்கமான அமைப்பு கொண்டவை.

புல்பப் வந்தது வேறு வழியில். 2002இன் இறுதியில் சிறப்புப் படைகளுக்காக 3,070 டாவோர் டார்-21 ரைபிள்களை இஸ்ரேலிடமிருந்து வாங்க இந்தியா ஒப்பந்தம் செய்தது. முதலில் வந்த சில நூறு ரைபிள்கள் செயற்பாட்டில் நிறைவளிக்கவில்லை என்று கூறப்பட்டது. கட்டையிலும் குறிநோக்கியிலும் மாற்றங்கள் செய்யப்பட்டு, 2006இல் நடந்த சோதனைகளுக்குப் பிறகு எஞ்சியவற்றைப் பெற வழி ஏற்பட்டது. பின்னர் அதன் சிறிய வடிவமான எக்ஸ்-95, கடற்படையின் மார்க்கோஸ், விமானப்படையின் கருட், மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் கோப்ரா ஆகிய பிரிவுகளில் இடம்பெற்றது. மத்தியப் பிரதேசத்தின் குவாலியர் பகுதியில் 2017இல் தொடங்கப்பட்ட கூட்டுத் தொழிற்சாலை இந்தக் குடும்பத்து ரைபிள்களை இந்தியாவிலேயே தயாரிக்கிறது.

இந்தப் படைகளுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. கப்பலில் ஏறுதல், விமானத்தளத்தைக் காத்தல், அடர்காட்டில் தேடுதல் என நெருங்கிய தொலைவில் நடக்கும் பணிகளே அவற்றில் மிகுதி. வீரர்கள் எண்ணிக்கையில் குறைவு. பயிற்சி நேரமும் தோட்டாவும் தாராளம். புல்பப்பின் சாதகம் முழுமையாகக் கிடைக்கும் இடமும், அதன் பாதகங்களைப் பயிற்சியால் ஈடுகட்டக்கூடிய இடமும் இவையே.

பொதுக் காலாட்படைக்கு வந்தபோது முடிவு வேறானது. இன்சாஸைவிட அதிகத் தொலைவும் தாக்கும் திறனும் வேண்டும் என்ற நிலையில், 2019 பிப்ரவரியில் 72,400 சிக்-716 ரைபிள்களுக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டது. 2024இல் மேலும் 73,000 ரைபிள்கள் கேட்கப்பட்டன. இது 7.62×51 தோட்டாவைச் சுடும், 16 அங்குலக் குழல் கொண்ட, வழக்கமான அமைப்புள்ள போர் ரைபிள். எல்லையில் முன்னணியில் நிற்கும் வீரர்களுக்கே இது முதன்மையாக வழங்கப்பட்டது. பெரும்பான்மைப் படையினருக்காக உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டம் கோர்வாவில் ஏ.கே.-203 ரைபிள் தயாராகிறது. 2021 டிசம்பரில் முடிவான அந்த ஒப்பந்தம் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ரைபிள்களுக்கானது. அதுவும் வழக்கமான அமைப்பே.

ஆக, முழு ஆற்றல் தோட்டாவுக்கு இந்தியா திரும்பியது. முழு ஆற்றல் புல்பப்புக்குச் செல்லவில்லை. 16 அங்குலக் குழலால் சிறிது வேகத்தை இழந்து, பழகிய விசையையும் எளிய மேகசின் மாற்றத்தையும் நீட்டி அமைக்கக்கூடிய கட்டையையும் பெறுவதே பெரும்படைக்கு ஏற்றது என்பது இந்தத் தேர்வின் நடைமுறைப் பொருள்.

பிற நாடுகளின் தேர்வு

தமிழர்கள் கணிசமாக வாழும் இரண்டு நாடுகள் இதில் எதிரெதிர்த் திசையில் சென்றன. சிங்கப்பூர் 1999இல் தானே உருவாக்கிய சார்-21 புல்பப்பை ஏற்றது. தேசிய சேவைக்குச் செல்லும் அந்நாட்டுத் தமிழ் இளைஞர்கள் பயிலும் ரைபிள் இதுவே. அடுக்குமாடிக் கட்டடங்கள் நிறைந்த சிறு நாட்டுக்கும், வண்டிகளில் விரைந்து செல்லும் படைக்கும் குட்டையான ரைபிள் பொருந்துகிறது. மலேசியா 1991 முதல் ஸ்டெயர் ஆக் ரைபிளை உரிமம் பெற்றுத் தயாரித்தது. பின்னர் வழக்கமான எம்4 கார்பைனுக்கு மாறியது.

உலகின் போக்கும் பெரும்பாலும் மலேசியாவின் திசையில்தான் சென்றுள்ளது. பிரான்ஸ் பாமாஸைக் கைவிட்டு 2016இல் எச்.கே.416 ரைபிளைத் தேர்ந்தெடுத்தது. சீனா கியூ.பி.இசட்.-95 புல்பப்புக்கு அடுத்ததாக வழக்கமான அமைப்புள்ள கியூ.பி.இசட்.-191 ரைபிளை 2019 அணிவகுப்பில் காட்டியது. நியூசிலாந்தும் ஸ்டெயர் ரைபிளிலிருந்து விலகியது. ஆஸ்திரேலியா அதே ஸ்டெயரை மேம்படுத்தித் தொடர்கிறது. மடியும், நீளும் கட்டைகளும், குறுகிய குழலிலும் நன்கு செயல்படும் தோட்டாக்களும் வந்த பிறகு, புல்பப்பின் ஒரே பெரிய ஆதாயத்தின் மதிப்பு முன்பைவிடக் குறைந்திருப்பது இதற்கு ஒரு காரணம்.

நிலமும் தேவையும்

எந்த ரைபிள் சிறந்தது என்ற கேள்விக்கு, எந்த நிலத்தில் என்ற எதிர்க்கேள்வி இல்லாமல் விடை சொல்ல முடியாது. விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் நிலத்தை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பருத்தியும் சோளமும் அறுவடையான கோடையில் அங்குள்ள மானாவாரிக் காடுகள் மறைவே இல்லாத வெட்டவெளி. ஒரு மனிதரை அரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்தே காண முடியும். அத்தகைய நிலத்தில் தொலைவுக்குச் செல்லும் குண்டும், மென்மையான விசையும், அசையாத பிடியும் வேண்டும்; துப்பாக்கி ஒரு சாண் நீளமாக இருப்பதால் இடையூறு இல்லை.

அதே வட்டாரத்தில் நீர் வற்றிய கண்மாய்க்குள் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் புதருக்குள் நுழைந்தால் நிலை தலைகீழாகிறது. பத்துப் பதினைந்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. நீண்ட குழல் முட்கிளையில் சிக்கும். உடலோடு ஒட்டிப் பிடிக்கும் குட்டைத் துப்பாக்கியே வசதி. ஊருக்குள் வந்தால் குறுகிய முடுக்குகளும் இருபக்க மூலைகளும் உள்ளன. அங்கே நீளக் குறைவு உதவும். தோள் மாற்றிச் சுட முடியாமை தடுக்கும். சில கிலோமீட்டர் பரப்புக்குள்ளேயே மூன்று வகைத் தேவைகள் எழுகின்றன. பாலைவனம் முதல் பனிமலை வரை ஒரே ரைபிளோடு அனுப்பப்படும் காலாட்படைக்கு, ஒரு நிலத்தில் மிகச் சிறந்ததைவிட எல்லா நிலத்திலும் குறை குறைந்ததே பாதுகாப்பானது.

மதிப்பீடு

சிறிய, நன்கு பயிற்சி பெற்ற, நெருங்கிய தொலைவில் செயல்படும் படைக்குப் புல்பப் இன்றும் பொருத்தமான கருவி. முழு ஆற்றல் தோட்டாவைச் சுடும் போர் ரைபிளாக அது மாறும்போது நீளத்தில் கிடைக்கும் ஆதாயம் உச்சத்தை எட்டுகிறது. பின்னுதைப்பு, ஓசை, மேகசின் மாற்றம் ஆகியவற்றின் சுமையும் சேர்ந்தே கூடுகிறது. லட்சக்கணக்கான வீரர்களுக்குக் குறைந்த நேரத்தில் கற்றுக்கொடுக்க வேண்டிய படை இச்சுமையை ஏற்கத் தயங்குவது இயல்பு.

ரைபிளைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர். அதைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் வேறொருவர். தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து இராணுவத்திலும் துணை இராணுவப் படைகளிலும் சேரும் இளைஞர்களின் உயிர் இந்த மில்லிமீட்டர் கணக்குகளைச் சார்ந்திருக்கிறது. ஆகவே ஒரு ரைபிளை மதிப்பிடும்போது அட்டவணையில் உள்ள நீளத்தையும் எடையையும் மட்டும் பார்த்தால் போதாது. அது யார் கையில், எந்த நிலத்தில், எவ்வளவு பயிற்சிக்குப் பின் பயன்படப் போகிறது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.